சான்றிதழில் அச்சாகாத பகுதி

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் நாம் வாளாவிருப்பதில்லை. அலுவலகத்திற்குப் பலமுறை நடந்தேனும் திருத்தி வாங்கிவிடுகிறோம். ஆனால் அதே பதிவில் பிள்ளையின் தாயைப் பற்றி எழுதப்படும் விவரங்களை நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்க்கிறோம்?

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தின் ஒரு பகுதியே சான்றிதழுக்கு அடிப்படையாகிறது. மற்றது புள்ளிவிவரப் பகுதி. திருமணத்தின்போதும் மகப்பேற்றின்போதும் தாயின் வயது, இதுவரை உயிருடன் பெற்றெடுத்த பிள்ளைகளின் எண்ணிக்கை, பேறு பார்த்தவர் யார், சுகப்பிரசவமா அறுவைச் சிகிச்சையா, கர்ப்பம் எத்தனை வாரம், குழந்தையின் எடை என்ன என்பன அதில் கேட்கப்படுகின்றன. இவை சான்றிதழில் அச்சாவதில்லை. எனவே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

பதினேழு வயதில் மணமான பெண்ணின் வயது பத்தொன்பதாகிறது. பிறந்து சில நாட்களில் இறந்த பிள்ளை கணக்கில் விடுபடுகிறது. முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று படிவம் கேட்கிறது. மறுமணம் செய்த பெண்ணின் குடும்பத்தார் அதை மறைத்துவிடுகின்றனர். கர்ப்ப காலமோ 'ஒன்பது மாதம்' என்ற ஊகத்தோடு முடிந்துவிடுகிறது.

கர்ப்ப காலத்தைக் கவனமாகக் கணக்கிடுவது நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 46:15, 31:14 ஆகிய வசனங்களை இணைத்து நோக்கி, கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்தார்கள். குழந்தையின் வம்சமும் வாரிசுரிமையும் அக்கணக்கைச் சார்ந்திருந்தன. சிறு கடனையும் சோர்வின்றி எழுதிவைக்கக் கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. ஒரு தாயின் உடல்நிலை குறித்த சாட்சியம் கடன் பத்திரத்தை விடவா இலேசானது?

இளவயதுக் கர்ப்பத்தில் இரத்தசோகையும் குறைப்பிரசவமும் மிகுதி. வயதைக் கூட்டி எழுதும்போது ஆபத்து தாளில் மட்டுமே குறைகிறது. எப்பகுதியில் தாய்மார் எத்தகைய இன்னலில் உள்ளனர் என்பதை அரசு இத்தகைய எண்களைக் கொண்டே அறிகிறது. நாம் பொய்யான எண்ணைக் கொடுத்துவிட்டு, நம் ஊருக்கு மருத்துவ வசதி வரவில்லை என்று குறை கூறுவது முறையாகாது.

உண்மையைச் சொன்னால் சிக்கல் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. அதற்குரிய வழி, உரிய வயதுக்கு முன் நிகாஹ் நடத்தாதிருப்பதே. அப்பொறுப்பு ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டிலேயே தொடங்குகிறது. மணமகளின் வயதை ஆவணம் பார்த்தே அதில் எழுத வேண்டும்.

மருத்துவமனையில் விவரம் கேட்கப்படும்போது மாமனாரோ மைத்துனரோ ஊகித்துச் சொல்ல வேண்டாம். தாயிடமே கேளுங்கள், கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையை எடுத்துக் கொடுங்கள், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். யார் கண்ணிலும் படாத அந்தப் பகுதியும் அமானிதமே. அல்லாஹ் அதை அறிகிறான்.