எங்கள் ஊருக்கு உறுப்பினர் எப்போது?
புதுச்சேரி மாநிலத் தேர்தல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். பள்ளிக்கூடத்து விஷயத்தைக் கல்வித்துறைக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் உள்ள குறையைக் கல்வித்துறையே நினைத்தாலும் தீர்க்க முடியாது. தேர்தல் நடந்தால்தான் அது தீரும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. உள்ளாட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள், பெற்றோர், ஆசிரியர்கள். முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பெற்றோர் இருக்கிறோம், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சட்டம் முதலாவதாகச் சொல்லும் அந்த உறுப்பினர் மட்டும் வில்லியனூரில் இல்லை, பாகூரில் இல்லை, காரைக்காலில் இல்லை, புதுச்சேரியில் எங்குமே இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். 2006இல் நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு எங்கள் தீர்மானப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். மழைக்காலம் வந்தால் பள்ளி வாசலில் தண்ணீர் தேங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போடுகிறோம். ஓர் அலுவலகம் வாய்க்கால் எங்களுடையது இல்லை என்கிறது. இன்னோர் அலுவலகம் சாலை எங்களுடையது, வாய்க்கால் வேறு பிரிவு என்கிறது. கூலி வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடும் ஒரு தாய் சென்ற கூட்டத்தில் கேட்டார்: “எழுதிட்டோம், சரிங்க. இத எடுத்துக்கிட்டுப் போயி நமக்காக யாருங்க கேப்பாங்க?” தலைமையாசிரியர் உட்பட யாரிடமும் பதில் இல்லை.

சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாமே என்பார்கள். போகிறோம், அவரும் முடிந்ததைச் செய்கிறார். ஆனால் ஒரு தொகுதி முழுவதற்கும் ஒருவர். வார்டு உறுப்பினர் என்றால் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர், அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்கலாம். அமெரிக்காவில் பள்ளி வாரியத்துக்கென்றே தனியாகத் தேர்தல் நடக்கிறது. அங்கே வேட்பாளர் யார், என்ன செய்தவர், பள்ளிகளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஊரே விவாதிக்கிறது. நமக்குத் தனி வாரியம் இல்லை. நம் பள்ளியில் உரிமையோடு உட்காரக்கூடிய மக்கள் பிரதிநிதி இந்த வார்டு உறுப்பினர்தான்.

2006 தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒரு பெண்மணி இன்னும் நினைவில் நிற்கிறார். அங்கன்வாடியில் வேலை பார்த்தவரின் மகள், வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவர். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசியல் சட்டம் சொல்லியிருக்காவிட்டால் அவர் மனுத் தாக்கல் செய்யவே துணிந்திருக்க மாட்டார். மேளம், கொடி எதுவும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து இரண்டு மூன்று பெண்களோடு வீடு வீடாக வருவார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளில் யார் மேலே படிக்கப் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊராரும் அவரை விடவில்லை. உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது, ஜெயித்தால் மாதம் ஒரு தடவையாவது பள்ளிப் பக்கம் வருவீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார்கள். ஒரு வேட்பாளரை ஊர் எடைபோடுவது இப்படித்தான். அந்தப் பழக்கமே எங்களிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒன்றை எண்ணிப் பாருங்கள், ஐயா. 2006இல் ஓட்டுப் போட 1988 தொடங்குவதற்குள் பிறந்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரில் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள். எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் அவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தங்கள் வார்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்த அனுபவம் அவர்களுக்குக் கிடையாது. 2006க்கு முந்தைய தேர்தல் 1968இல் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒரே ஒரு முறை, பிறகு மறுபடியும் நின்றுவிட்டது.

இத்தனைக்கும் எங்கள் ஊருக்குத் தேர்தல் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சி 1880இல் கொம்யூன்களை ஏற்படுத்தியபோது புதுச்சேரிப் பகுதியில் அமைந்த நான்கில் வில்லியனூரும் பாகூரும் உண்டு. மற்ற இரண்டும் புதுச்சேரியும் உழவர்கரையும். எங்கள் கொம்யூனில் உள்ள கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று பிரதிநிதிகள் கூடி இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக நின்றார்கள். பிரதிநிதி சபை உறுப்பினர்களோடு சேர்ந்து அங்கே வாக்களித்தவர்கள் நகரசபை உறுப்பினர்கள், இன்றைய பேச்சில் சொன்னால் கவுன்சிலர்கள். இந்த மண் எந்த நாட்டோடு சேர வேண்டும் என்று முடிவு செய்யும் தகுதி அன்றைய கவுன்சிலருக்கு இருந்தது. அதே கீழூரில் இன்று பள்ளிக் குழுவில் உட்காரக்கூட ஒரு கவுன்சிலர் கிடையாது.

தடைகளை அறியாமல் எழுதவில்லை. உச்ச நீதிமன்றம் 2018இல் தேர்தலை நடத்தச் சொன்னது. 2021 அக்டோபரில் நடக்கும் என்று ஆணையமே அட்டவணை வெளியிட்டது. வார்டு இடஒதுக்கீட்டில் பிழை என்று வழக்குப் போனது, தேதி தள்ளிப்போனது. பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கும் முன் முறையான கணக்கெடுப்பு வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் குறுக்கே வந்தது. இடஒதுக்கீடு சரியாக நடக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அதே 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இங்கிருந்து விழுப்புரம் சாலையில் போனால் வரும் கண்டமங்கலத்துக்காரர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல எங்களிடம் காரணம் இல்லை.

இதற்கிடையில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். தமிழ் வழியில் படித்த பெற்றோர் புதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் திகைத்தபோது, அவர்கள் பேச்சை மேலே கொண்டுபோக ஊரில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243 உ பிரிவு. அதை நடத்தும் பொறுப்பைத் தங்கள் ஆணையத்திடம்தான் சட்டம் தந்திருக்கிறது. வார்டு பட்டியலும் ஒதுக்கீட்டு விவரமும் எந்த நிலையில் இருக்கின்றன, யாரிடமிருந்து எது வர வேண்டியிருக்கிறது என்பதை மக்களுக்குத் தெரியும்படி வெளியிடுங்கள். காத்திருப்பது எதற்காக என்றாவது எங்களுக்குத் தெரியட்டும்.

தேர்தல் அறிவிக்கும்போது, எம்.எல்.ஏ. வேட்பாளர்கள் படிப்பு, சொத்து, வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தருவதுபோல் வார்டு வேட்பாளர்களிடமும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் போட்டால் போதாது. தமிழில், பெரிய எழுத்தில், அந்தந்த வார்டுப் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். பிள்ளையை விட வரும் தாய் நின்று படிப்பார். வேட்பாளர்கள் எல்லோரும் ஒரு நாள் பள்ளி வளாகத்தில் பெற்றோர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆணையமே ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. நாற்காலி போடுவதையும் பாய் விரிப்பதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

வில்லியனூர் கொம்யூனிலிருந்து
ஒரு பெற்றோர்