சிலையாக நிற்கலாம், சிற்பியாக நுழையலாகாதா?

கெரில்லா கேர்ள்ஸ் என்னும் பெண்கலைஞர் குழு 1989இல் வெளியிட்ட சுவரொட்டி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைக் கூண்டிலேற்றியது. அதன் நவீனக்கலைப் பிரிவுகளில் பெண்கலைஞர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நிர்வாண உருவங்களிலோ 85 விழுக்காடு பெண்ணுடல். ஆடை களைந்தால்தான் பெண்ணுக்கு அங்கே நுழைவா என்பது அவர்களது வினா.

அக்குழுவினர் 2018ஆம் ஆண்டின் கொச்சி முசிறிஸ் பினாலேயிலும் இடம்பெற்றனர். அதனை நெறிப்படுத்திய முதற்பெண் அனிதா துபே; பங்கேற்ற கலைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். கேரளம் கைதட்டியது, அவ்வினா நியூயார்க்குக்கு மட்டுமே உரியது போல.

மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமனின் நிர்வாண யட்சி 1969இல் எழுந்தது. சங்குமுகம் கடற்கரையில் அவரே வடித்த சாகரகன்யகை படுத்திருக்கிறாள். நிர்வாணமே ஒழுக்கக்கேடு எனக் கூச்சலிடுவோரின் கட்சியன்று இது. சிற்பியின் ஆற்றலிலும் ஐயமில்லை. ஆனால், அதே அளவில், அதே பொதுவெளியில், ஒரு பெண் வடித்த உருவம் எங்கே? சென்னைக் கலைக்கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்ற டி.கே. பத்மினி, யட்சி எழுந்த அதே 1969இல், 29ஆம் வயதில், மகப்பேற்றின்போது இறந்தார். யட்சியை அறியாத மலையாளி அரிது. பத்மினியை அறிந்தவர் எத்தனை பேர்?

'தகுதியே அளவுகோல்' என்ற விடை ஆயத்தமாக வரும். தகுதியை அளந்தவர் யார் என்பதே கேள்வி. மொழியே சாட்சி சொல்கிறது: 'பெண் ஓவியர்' என்கிறோம், 'ஆண் ஓவியர்' என்று எவரும் சொல்வதில்லை. அடைமொழி வேண்டாதவரே இயல்பானவர். அடைமொழி பெற்றவர் விதிவிலக்கு. மங்களாபாயோ அந்த அடைமொழியும் பெறாமல் 'ரவிவர்மாவின் தங்கை' என்ற உறவுமுறைக்குள் ஒடுங்கிப்போனார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் பிள்ளைகளுக்குக் கலைக்கூடம் என்றால் அது திருவனந்தபுரத்தில் இருப்பதுதான். தோள்சீலைப் போராட்டம் நடந்த தென்திருவிதாங்கூர் மண்ணின் பிள்ளைகள் அவர்கள். தம் உடல் பிறர் கண்ணுக்கு எவ்வாறு புலப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவுசெய்ய நாடார் பெண்கள் அடிபட்டு, 1859இல் ஓர் அரசாணையை, அதுவும் அரைகுறையாக, பெற்ற மண். அப்பிள்ளைகளின் முன் பெண்ணுடல் இன்றும் பெரும்பாலும் ஆண் வரைந்ததாகவே நிற்கிறது.

108 நாளில் கலையும் பினாலே இதற்கு ஈடாகாது. நிலையான சேகரிப்புகளே கணக்குக் காட்ட வேண்டும். பொதுப்பணத்தில் ஆண்டுதோறும் எவருடைய படைப்புகள் வாங்கப்பட்டன, அவற்றுள் எத்தனை சுவரில் தொங்குகின்றன, எத்தனை கிடங்கில் கிடக்கின்றன என்ற பட்டியலை லலிதகலா அகாதமியும் அரசு அருங்காட்சியகங்களும் வெளியிடட்டும்.