நெசவாளர் முழங்காலுக்கு நேர்மையான மருத்துவம்

காஞ்சிப் பட்டின் புகழை உலகம் அறியும். அதை நெய்யும் உடலின் வலியை அறிந்தோர் சிலரே. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியிலும் அதைச் சூழ்ந்த நெசவூர்களிலும் குழித்தறியில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் மிதிகட்டை மிதித்தவர்கள், முதுமை நெருங்கும்போது குழியிலிருந்து எழவே துன்புறுகின்றனர். மூட்டுத் தேய்மானம் நெசவாளரை மட்டும் பற்றும் நோயன்று. நாற்பது வயதைக் கடந்த இந்தியரிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 28.7 பேரிடம் முழங்கால் தேய்மானத்தைக் கண்டது. ஆயினும், மிதித்தால்தான் கூலி என்ற நிலையில் உள்ளவருக்கு முழங்கால் நோய் வயிற்றுப்பாட்டையும் பறிக்கிறது.

அந்த வலியை நம்பி ஒரு வணிகம் தழைத்திருக்கிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் குளுக்கோசமின், விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து பிரிக்கப்படும் காண்டிராய்டின், மஞ்சளின் குர்குமின் ஆகியவை தேய்ந்த மூட்டை மீட்கும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படுகின்றன. துணையுணவாக விற்கப்படும் இத்தகைய பொருளின் உறையில் 'மருத்துவப் பயன்பாட்டிற்கன்று' என அச்சிட வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள். உறை மறுப்பதை விளம்பரம் உரக்க உறுதி கூறுகிறது.

ஆய்வுகள் சொல்வதென்ன? அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆதரவில் 1,583 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. குளுக்கோசமினும் காண்டிராய்டினும் இணைத்து உண்டவர்களில் நூற்றுக்கு 66.6 பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவர்களிலும் 60.1 பேருக்குத் தணிந்தது. இவ்வேறுபாடு மாத்திரையின் ஆற்றலை மெய்ப்பிக்கப் போதாது. 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு, முழங்காலுக்கும் இடுப்பிற்கும் குளுக்கோசமின் வேண்டா என்றே வலியுறுத்தியது.

"எனக்குக் கேட்டதே" என்று அண்டை வீட்டார் கூறுவது பொய்யன்று. இந்நோயின் வலி இயல்பாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது மாத்திரையைத் தேடுகிறோம், தானே இறங்கும்போது மாத்திரைக்கு நன்றி சொல்கிறோம். நம்பிக்கையும் வலியைத் தணிக்கும். ஆகவே ஒருவர் பெற்ற நலம் மருந்தின் சான்றாகிவிடாது.

குர்குமின் ஓரளவு வலி தணிப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆனால் குழம்பில் இடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய குர்குமின் மாத்திரை வேறு. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு நேரலாம் என 2023இல் ஆஸ்திரேலிய அரசு எச்சரித்தது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போருக்குக் குளுக்கோசமின் இரத்தக்கசிவு இடரைக் கூட்டலாம். பெயர் முகவரியற்ற வலிப்பொடிகளில் ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்படுவதோ இவற்றினும் கொடிது.

பயன் தரும் வழிகள் உண்டு. முன்தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி முழங்காலின் சுமையைத் தாங்க உதவுகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான அழுத்தம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். வலியிடத்தில் பூசும் மருந்தும், மருத்துவர் அறிவுரைப்படி உண்ணும் வலிநீக்கியும், தேய்வு முற்றியபின் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் உள்ளன.

இவற்றை நெசவாளரின் வாயிலுக்குக் கொண்டுசெல்வது அரசின் கடன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடிவரும் இயன்முறைச் சிகிச்சைக்கு இடமுண்டு. நெசவூர்களில் அதற்கு முதன்மை தரப்பட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் தம் உறுப்பினருக்கு ஆண்டுதோறும் மூட்டுப் பரிசோதனை நடத்த வேண்டும். முதிய நெசவாளர் எளிதில் அமர்ந்தெழ இருக்கையையும் தறிக்குழியையும் சீரமைக்க மானியம் வேண்டும். நோய் தீர்ப்பதாகக் கூவும் துணையுணவு விளம்பரங்கள் மீது உணவுப் பாதுகாப்புத் துறை தயங்காது வழக்குத் தொடுக்க வேண்டும்.

வலியுற்றோர் நம்பிக்கை நாடுவது குற்றமன்று. அந்த நம்பிக்கையை விலைபேசுவதே குற்றம். உழைத்துச் சேர்த்த கூலி, பயன் மெய்ப்பிக்கப்படாத மாத்திரைக்குச் செல்லாமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பு.