கருவியும் கருத்தும்

தச்சன் ஒருவன் உளி வாங்கச் செல்கின்றான். கடையில் உள்ளவற்றுள் மிகுந்த விலையுடையது எது என்று அவன் வினவுவதில்லை. தான் செய்யும் வேலை யாது, அதற்கு ஏற்ற உளி யாது என்றே எண்ணிப் பார்க்கின்றான். கருவியைத் தேரும் முறை இதுவே. அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் பயிலும் மாணவரும், அவர்க்கு வரைபடக் கணிப்பான் வாங்கித் தரும் பெற்றோரும் இம்முறையை மறத்தல் ஆகாது.

வரைபடக் கணிப்பான் என்பது கையில் அடங்கும் சிறு கருவி. கூட்டல், கழித்தல் முதலியவற்றோடு அது நில்லாது. ஒரு சமன்பாட்டை உள்ளிட்டால், அதற்குரிய நேர்கோட்டையோ வளைகோட்டையோ தன் திரையில் வரைந்து காட்டும். 1985-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் காசியோ நிறுவனம் இத்தகைய கருவியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.ஐ.-81 என்னும் கருவியை வெளியிட்டது. 1995 முதல் அந்நாட்டின் 'ஏ.பி. கால்குலஸ்' தேர்வுக்கு இக்கருவி இன்றியமையாததாயிற்று. விரும்பினால் வாங்கலாம் என்றிருந்த பொருள், வாங்கியே தீரவேண்டிய பொருளாயிற்று. நூறு டாலரும் அதற்கு மேலும் விலை பெறும் கருவி, வருவாய் குறைந்த குடும்பத்திற்குச் சுமையாதல் இயல்பே. ஆதலின் இதனைத் தேர்வதில் ஆராய்ச்சி வேண்டும்.

ஏ.பி. கால்குலஸ் தேர்வு கருவியிடம் எதிர்பார்க்கும் ஆற்றல்கள் நான்கே. வளைகோட்டை வரைதல், சமன்பாட்டின் மூலங்களைக் காணுதல், ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பைக் கணித்தல், வரையறுத்த தொகையீட்டின் மதிப்பைக் கணித்தல் என்பன அவை. 2004-இல் வெளிவந்த டி.ஐ.-84 பிளஸ் இந்நான்கையும் செய்யும். விலை குறைந்த காசியோ கருவிகள் சிலவும் செய்ய வல்லன. அவ்வாறாயின், வண்ணத் திரைக்காக மிகுபொருள் செலவிடுதல் எற்றுக்கு? ஆற்றல் மிகுந்த கருவியே சிறந்தது என்பதும் பொருந்தாது. 1998-இல் வந்த டி.ஐ.-89 இயற்கணிதச் சமன்பாடுகளைக் குறியீடுகளாலேயே தீர்த்துவிடும். அக்காரணம் பற்றியே ஏ.சி.டி. தேர்வில் அதற்கு இடமில்லை. மிகுந்த விலை கொடுத்து வாங்கியது தேர்வு மண்டபத்தின் வாயிலிலேயே தடுக்கப்படுமாயின், அதனால் பயன் என்னை?

இன்னும் ஒன்று கருதத்தக்கது. 2024 முதல் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வு கணினி வழியே நடைபெறுகின்றது. அத்தேர்வுக்குள்ளேயே டெஸ்மாஸ் என்னும் வரைபடக் கணிப்பான் அமைந்துள்ளது. இணைய வசதி உடையார்க்கு அது விலையின்றியும் கிடைக்கின்றது. ஆகவே, 'எதை வாங்குவது?' என்னும் வினாவிற்கு முன், 'வாங்கத்தான் வேண்டுமா?' என்னும் வினா எழுதல் வேண்டும்.

எக்கருவியைக் கொண்டாலும், அது காட்டுவதெல்லாம் உண்மை என்று நம்புதல் பேதைமை. டி.ஐ.-84 பிளஸ் கருவியின் திரையில் குறுக்கே 96 புள்ளிகளும் நெடுக்கே 64 புள்ளிகளுமே உண்டு. ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 0.01-ஐக் கழித்து வரையப்படும் வளைகோடு, கிடையச்சினை 0.1, −0.1 என்னும் ஈரிடங்களில் வெட்டும். −10 முதல் 10 வரை அமைந்த திரையில் அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளியே ஏறத்தாழ 0.2 ஆகும். ஆதலின் அக்கோடு அச்சினை ஓரிடத்தில் தொட்டு மீள்வது போலவே தோன்றும். வர்க்கத்தோடு 20-ஐக் கூட்டி வரைந்தாலோ, அத்திரையில் கோடே தோன்றாது. கோடு உண்டு, அது திரைக்கு மேலே சென்றுவிட்டது. காரணிப்படுத்தக் கற்ற மாணவன் இவ்விரண்டையும் நொடியில் உணர்வான். கல்லாதவனோ வெறுந்திரையைக் கண்டு மயங்குவான்.

இது கொண்டு, கருவியே தீது எனக் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. மடக்கை அட்டவணையும் ஒரு காலத்தில் கணக்கின் சுமையைக் குறைத்த கருவியே; அதனால் கணிதம் அழியவில்லை; வளர்ந்தது. பல வளைகோடுகளை விரைவில் வரைந்து ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பைக் கணிப்பான் நல்குகின்றது. எனினும் அது கைக்குத் துணையேயன்றிக் கருத்துக்கு மாற்று அன்று. 2025-ஆம் ஆண்டு ஏ.பி. கால்குலஸ் தேர்வின் 51 வினாக்களுள் 34 வினாக்கள் கருவியின்றியே விடையளிக்கத் தக்கனவாய் அமைந்தமை இதனை வலியுறுத்தும்.

ஆதலால், மாணவர் முதலில் தம் ஆசிரியர் வகுப்பில் கையாளும் கருவி யாதென அறிதல் வேண்டும். ஒரே கருவியாயின் ஐயம் தீர்த்தல் எளிது. பின்பு, தாம் எழுதவிருக்கும் தேர்வுகளில் அதற்கு இசைவு உண்டா என நோக்குதல் வேண்டும். பள்ளி இரவலாகத் தருமாயின் அதனைப் பெறுதலும், பிறர் பயன்படுத்திய நல்ல கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குதலும் இழிவல்ல. கருவியைக் கட்டாயமாக்கும் பள்ளிகள், வாங்க இயலாத மாணவர்க்கு அதனை வழங்குதல் கடமையாகும். பணமின்மையால் ஒரு மாணவன் கணிதத்தின் வாயிலில் நின்றுவிடுதல் நாட்டிற்கே இழப்பாம். வாங்கிய பின்னரும், முதலில் தாளில் வரைந்து, பிறகு திரையில் சரிபார்க்கும் பழக்கமே மாணவர்க்கு நன்மை பயக்கும். கோடு வரைவது கருவியின் தொழில். அதன் பொருளை உணர்வது மாணவரின் தொழில்.