ஒரே குலம், குணமோ பல!

ஜப்பானில் 2024-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதிக்குள் 977 பேரை ஒரு கொடிய நோய் பீடித்துவிட்டது. 1999-ல் கணக்கெடுக்கத் தொடங்கிய பின், அதற்கு முந்தைய எந்த முழு ஆண்டிலும் இத்தனை பேர் அந்த நோய்க்கு ஆளாகியிருக்கவில்லை. நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். சிலர் 48 மணி நேரத்திலேயே மாண்டுபோகிறார்கள்.

"சதையைத் தின்னும் கிருமி" என்று உலகப் பத்திரிகைகள் அலறின. அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஆனால் அது ஒரு கிருமியின் பெயரல்ல. ஒரு குலத்தின் பெயர். ஜப்பானியக் கணக்கிலேயே பல இனங்கள் அடக்கம். எந்த இனம் உள்ளே புகுந்தது என்பதைப் பொறுத்தே நோயின் போக்கு அமைகிறது.

மணிமாலைக் கிருமிகள்

நுண்ணோக்கியில் பார்த்தால் மணி கோத்த மாலைபோல் தெரியும் இக்கிருமிகளை, 1933-ல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க அம்மையார் ஏ, பி, சி என்று பிரித்தார்.

'ஏ' பிரிவுக் கிருமி சாதாரணமாகத் தொண்டைப் புண்ணோடு நின்றுவிடும். ரத்தத்திலோ தசையிலோ புகுந்தாலோ, விஷத்தைக் கக்கி, ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, சிறுநீரகம் முதலிய உறுப்புகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும். இன்றளவும் பெனிசிலினுக்கு இது அடங்குகிறது. எனினும் கிருமி செத்தால் போதாது; விஷம் ஊறுவதும் நிற்கவேண்டும். அதற்காகவே டாக்டர்கள் கிளிண்டாமைசினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அழுகிய சதையை உடனே அறுத்தெடுப்பதும் உண்டு.

'பி' பிரிவு, தாயிடம் சாதுவாக இருந்து பிறந்த சிசுவைத் தாக்கும். கர்ப்பிணிகளைச் சோதித்து, பிரசவ வேளையில் மருந்து கொடுத்ததால், அமெரிக்காவில் பிறந்த ஒரு வாரத்துக்குள் வரும் இந்நோய், 1990-ல் ஆயிரத்துக்கு 1.8 ஆக இருந்தது, 2015-ல் 0.23 ஆகக் குறைந்தது.

வாயில் குடியிருக்கும் விரிடன்ஸ் வகையோ அவசரப்படாது. இருதய வால்வில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அரிக்கும். காலோலைட்டிகஸ் என்ற இனம் ரத்தத்தில் தென்பட்டால், டாக்டர்கள் பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

கிருமி மட்டுமா காரணம்?

சாவுக் கணக்கை மட்டும் வைத்து, இந்த இனம் கொடியது, அந்த இனம் சாது என்று தீர்த்துவிட முடியாது. டிஸ்கலாக்டியே என்ற இனம் பெரும்பாலும் முதியவர்களையும் சர்க்கரை வியாதிக்காரர்களையும் பிடிக்கிறது. அவர்களில் பலர் இறந்தால், அது கிருமியின் கொடுமையா, உடலின் தளர்ச்சியா? வயதையும் பழைய நோய்களையும் சேர்த்து எடைபோட்டால்தான் உண்மை விளங்கும்.

ரத்தத்தில் உள்ள இனத்தைக் கண்டறிய ஓரிரு நாள் ஆகும். அதுவரை சிகிச்சை காத்திருக்கலாகாது. ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கி, இனம் தெரிந்ததும் அதற்கேற்ப மாற்றுவதே முறை. வீக்கம் மணிக்கு மணி பரவினாலோ, புண்ணுக்கு மிஞ்சிய வலி இருந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.