முன்னதும் பின்னதும்

"பணம் அனுப்பியுள்ளேன், பெற்றுக்கொள்க" என்னும் கடிதம் முன்னே வந்துவிட, முதலில் அனுப்பிய பணம் பின்தங்கிவிட்டால் வீட்டில் நேரும் குழப்பத்தை நாம் அறிவோம். அத்தகைய குழப்பம் கணினியின் உள்ளேயும் நேர்கின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

இன்றைய கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் செயலி ஒன்றன்று, பல. அவை யாவும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக் கொள்வன. முதற் செயலி ஒரு விவரத்தை எழுதிவிட்டு, "எழுதியாயிற்று" எனக் கொடியொன்றை உயர்த்துகின்றது எனக் கொள்வோம். இரண்டாவது செயலி கொடியைக் கண்டு விவரத்தைப் படிக்கின்றது. அங்கே இருப்பதோ பழைய விவரம்! காரணம் யாது? செயலிகள் விரைவை நாடித் தாம் எழுதுவனவற்றைச் சிறிது தேக்கிவைத்தே வெளிவிடுகின்றன. படிக்க வேண்டியதைச் சில வேளைகளில் முந்தியே படித்தும் விடுகின்றன. ஆகவே, ஒருவர் செய்த ஒழுங்கும் மற்றவர் காணும் ஒழுங்கும் வேறுபடுகின்றன. இத்தகைய பொறிகளில் ஒழுங்கு என்பது யாதென லெஸ்லி லம்போட் என்னும் அமெரிக்க அறிஞர் 1979ஆம் ஆண்டிலேயே வரையறுத்தார்.

இப்பிழை இயங்குதளத்தின் கருவில் நேர்ந்தால், அதன்மேல் நிற்கும் அனைத்துமே ஆட்டங்காணும். இன்ரெல் வகைச் செயலிகள் எழுதும் வரிசையைப் பெரும்பாலும் காப்பன; ஏ.ஆர்.எம். வகையினவோ அவ்வாறு உறுதி கூறுவதில்லை. எனவே, மேசைக்கணினியில் நெடுங்காலம் செவ்வையாய் ஓடிய நிரல் கைத்தொலைபேசியில் இடறக்கூடும்.

மருந்து எளிது: விவரத்துக்கும் கொடிக்கும் இடையே "இதனை முடித்த பின்னரே அது" என்னும் தடுப்புக் கட்டளையை இடுதல் வேண்டும். எழுதுவோன் மட்டும் இட்டாற் போதாது; படிப்போனும் இடுதல் வேண்டும்.

நோயைக் காண்பதே அரிது. பிழையைப் பிடிக்க ஒரு வரியைப் புகுத்தினால், அவ்வரியே வேகத்தை மாற்றிப் பிழையை மறைத்துவிடும். ஆதலால், 1991இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடக்கிய லினக்ஸ் கருவில், 2018இல் நினைவக ஒழுங்கு விதிகளே முறையாக எழுதிச் சேர்க்கப்பட்டன. பாசிச்சாயச் சோதனை என்னும் பெயருடைய சிறு நிரல்களை அவ்விதிகளோடு பொருத்தி, நேரக்கூடிய முடிவுகள் அனைத்தையும் எண்ணிப் பார்க்கின்றனர்.

முக்கோணத்தின் கோணங்களைப் பாகைமானியால் அளந்துவிட்டு, "நிறுவினேன்" எனக் கூறும் மாணவரை நாம் வகுப்பிற் கண்டதுண்டு. பத்து இலட்சம் முறை ஓட்டிப் பார்த்தேன் என்பதும் அவ்வாறே. அளத்தல் வேறு, நிறுவுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவனே நாளை நல்ல நிரலாளனாவான் என்பது நம் துணிபு.