ஒரு குளிகை, இரு பலன்

"அயல் வீட்டாருக்குச் சுகமளித்த குளிகை நமக்கும் உதவாதா?" எனச் சுவாசப்பைப் புற்றுநோயாளரின் குடும்பத்தினர் வினவுவது இயல்பே. எனினும், நோயின் பெயர் ஒன்றாயினும் கட்டியின் இயல்பு ஒன்றன்று.

ஜெஃபிற்றினிப் என்னும் குளிகை சிலருக்கு மட்டும் பெரும்பலன் அளித்தமைக்குரிய காரணத்தை 2004ஆம் ஆண்டிற் பொஸ்ரன் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவர்தம் கட்டிகளில் 'ஈ.ஜீ.எவ்.ஆர்.' என்னும் பரம்பரையலகு திரிபடைந்திருந்தது. இத்திரிபு பெரும்பாலும் பெற்றோர்வழி வருவதன்று, கட்டியிலேயே தோன்றுவது.

ஆசியாவில் 1,217 நோயாளர் பங்குகொண்ட ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. கட்டி பரிசோதிக்கப்பட்டோருள், திரிபுடையாருக்கு அக்குளிகை நோய் பெருகுவதைக் கூடிய காலம் தடுத்தது. திரிபில்லாதாருக்கோ வழமையான இரசாயன மருந்தே மேலாயிற்று.

ஆதலின், யாம் வாசகர்க்குக் கூற விரும்புவது ஒன்றே: அயலாரின் அனுபவத்தை நம்பி மருந்தை நாடுமுன், கட்டியைப் பரிசோதிக்குமாறு வைத்தியரை வேண்டுக.